சைவ வீட்டுப் பூனை

பூனைக்கும் பாலுக்கும் உள்ள உறவைத் தமிழிலக்கியம் நெடுங்காலமாகப் பேணி வந்திருக்கின்றது. இராம காதையைப் பாடத் துணிந்த தம் ஆசையை அவையடக்கத்திற் கூறப் புகுந்த கம்பர், பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடித்துவிடலாம் என்று எண்ணி அதன் கரையை அடைந்த ஒரு பூனையையே உவமையாக எடுத்தாண்டார். பூனையை 'வெருகு' என்றும் 'பூசை' என்றும் வழங்கிய பழந்தமிழர், அதன் இளமைப் பெயரையும் வகுக்க மறந்தாரல்லர். கீரி, எலி, அணில் ஆகியவற்றோடு வெருகின் இளமைக்கும் 'குட்டி' என்னும் பெயர் உரியது என்று தொல்காப்பிய மரபியல் கூறுகின்றது. இவ்வாறு இலக்கணத்தில் இடம்பெற்று, காப்பியத்திற் பாலை நாடி, அடுப்படிச் சாம்பலிற் படுத்துறங்கும் இப்பிராணி உண்மையில் எதனை உண்டு வாழ்வது என்னும் வினாவை நம்மவர் பெரிதாக எழுப்பியதில்லை. சோறு உண்ணும் வீட்டிற் பூனையும் சோறு உண்ணும் என்பதே வழக்கு.

உரும்பிராய்ச் செம்மண்ணில், வெங்காயத் தோட்டங்களுக்கு அணித்தாக உள்ள ஒரு வீட்டில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தனித்து வாழ்கின்றார். அவர் அறிந்த வரையில் மூன்று தலைமுறையாக அவ்வீட்டின் படலையைத் தாண்டி மீன் உள்ளே வந்ததில்லை. நாவலர் பெருமானின் நான்காம் பாலபாடத்திற் புலாலுண்ணலைக் கண்டிக்கும் பகுதியை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மாணவர்க்கு எடுத்துச் சொன்னவர் அவர். சொன்னதைத் தாமும் கடைப்பிடித்தவர். பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில் இருக்கின்றனர். மனைவியார் 2022 ஆம் ஆண்டிற் காலமானார். அவர் விட்டுச்சென்றவற்றுள் உயிருள்ளது ஒன்றே; அது சடைச்சி என்னும் பூனை.

2016 ஆம் ஆண்டு மாரி காலத்தில், கோயிற் கிணற்றடியில் எவரோ கொண்டுவந்து விட்ட குட்டியை அம்மையார் சேலைத் தலைப்பிற் சுற்றி வீட்டுக்கு எடுத்து வந்தார். ஊர்ப் பூனைகளைப் போலன்றி அதன் மயிர் நீண்டு சடைத்திருந்தமையாற் சடைச்சி என்னும் பெயர் தானாகவே அமைந்தது. நண்பகலில் ஆசிரியர் உண்டு எழுந்ததும், ஒரு சிரட்டையிற் சோறும் பருப்பும் சொதியும் பிசைந்து வைக்கப்படும். மாலையில் மற்றொரு சிரட்டையிற் பசுப்பால் வைக்கப்படும். பூனை சிறிது உண்ணும், பெரும்பகுதியை விட்டுவிடும். ஆயினும் அது கொழுத்துத்தான் இருந்தது. தம் வீட்டுச் சோற்றில் வளர்ந்த பூனையும் சைவமாகிவிட்டது என்று ஆசிரியர் வருவோர்க்கெல்லாம் சொல்லி மகிழ்வார். அப்போது அம்மையார் ஒன்றும் பேசாது உள்ளே சென்றுவிடுவார்.

அம்மையார் மறைந்த பின்னரும் சிரட்டைகள் இரண்டும் வழக்கம் மாறாது நிரம்பின. 2024 ஆம் ஆண்டின் முற்பகுதியில், பக்கத்து வளவில் வாழ்ந்த பெண்மணி கனடாவிலுள்ள மகனிடம் சென்றுவிட்டார். அதன் பின்னர்ச் சடைச்சி மெலியத் தொடங்கியது. மயிர் ஒளி மங்கித் திட்டுத் திட்டாக உதிர்ந்தது. அது ஓயாது தன்னை நக்கிக்கொண்டேயிருந்தது. முதுமையின் இயல்பு போலும் என்று ஆசிரியர் அதனைக் கருதினார்.

ஆடி மாதத்து விடியற்காலை ஒன்றிற் சுவாமி அறைப் படியில் அசாதாரணமான ஓர் ஓசை கேட்டது. பூனை நிலத்தோடு ஒட்டிப் படுத்து, கழுத்தை முன்னே நீட்டி, வயிறு உள்ளே ஒடுங்க ஒடுங்கக் குமட்டிக்கொண்டிருந்தது. யாரோ நஞ்சு வைத்துவிட்டனர் என்றே ஆசிரியர் நடுங்கினார். சத்தம் கேட்டு வந்த அயலவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் கூறினர். ஒருவர், தேங்காயெண்ணெயை வாயில் ஊற்றும்படி சொன்னார். மற்றொருவர், காய்ச்சலாக இருக்கலாம், அரைப் பரசிற்றமோல் கரைத்துக் கொடுத்தால் ஆறும் என்றார். அதற்கிடையிற் சடைச்சி விரல் நீளமுள்ள, ஈரமான, கயிறு போன்ற ஒரு பொருளைக் கக்கிவிட்டு எழுந்து நடந்தது. குச்சியாற் புரட்டிப் பார்த்தபோது அது முழுவதும் மயிராகவே இருந்தது. அந்த வாரத்தில் இவ்வாறு மூன்று முறை நிகழ்ந்தது. நான்காம் முறை குமட்டியபோது ஒன்றும் வெளிவரவில்லை. அன்றே ஆசிரியர் ஒரு பழக்கூடையிற் பூனையை வைத்து மேலே துணி கட்டி, முச்சக்கர வண்டியில் மிருக வைத்தியரிடம் கொண்டு சென்றார்.

வைத்தியர், ஆசிரியரிடம் தமிழ் படித்துப் பின்னர்ப் பேராதனையில் மிருக வைத்தியம் கற்றவர். பூனையின் வயிற்றைத் தடவிப் பார்த்து, இதயத் துடிப்பை நெடுநேரம் கேட்டு, விளக்கொளியில் அதன் கண்களைச் சோதித்த பின்னர் அவர் கூறினார்:

"சேர், மயிர் கக்கிறது வருத்தமில்லை. அடிக்கடி கக்கிறதுதான் வருத்தம்."

பூனையின் நாக்கு இயற்கை அமைத்த ஒரு சீப்பு. அதன் மேற்பரப்பில், தொண்டையை நோக்கி வளைந்த நூற்றுக்கணக்கான நுண்முட்கள் உள்ளன. நம் நகங்களில் உள்ள கெரற்றின் என்னும் பொருளே அவற்றிலும் உள்ளது. அமெரிக்காவின் ஜோர்ஜியா தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர் இருவர், இம்முட்களின் நுனி அகப்பை போலக் குழிந்திருப்பதையும், அக்குழிவு உமிழ்நீரை மயிரின் அடிவரை கொண்டுசெல்வதையும் 2018 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். முட்கள் உள்நோக்கி வளைந்திருத்தலால், நாக்கிற் சிக்கிய மயிரைத் துப்புதல் பூனைக்கு இயலாது, விழுங்கியே ஆகவேண்டும். விழுங்கியதிற் பெரும்பகுதி மலத்தோடு கழிந்துவிடும். எஞ்சியது இரைப்பையில் திரண்டு, ஒடுங்கிய உணவுக்குழாய் வழியே மேலே வருங்காற் கயிறு போல நீண்டு வெளிவருகின்றது.

நீண்ட மயிருள்ள பூனை இடைக்கிடை இவ்வாறு கக்குதல் இயல்பே. ஆனால் வாரந்தோறும் நிகழுமாயின், உட்காரணம் ஒன்றைத் தேடவேண்டும். தெள்ளுக் கடியாலோ தோல் வறட்சியாலோ பூனை அளவுக்கு மீறி நக்கலாம். குடலில் நோய் இருக்கலாம். பலமுறை குமட்டியும் ஒன்றும் வராமை, உணவை வெறுத்தல், மலம் கழியாமை, சோர்ந்து ஒதுங்குதல் என்பன ஒருங்கே தோன்றினால் மயிர்த்திரள் குடலை அடைத்துவிட்டது என்று ஐயுறவேண்டும். அந்நிலையிற் சத்திரசிகிச்சை தேவைப்படலாம். மயிரைக் கக்குவது போல முன்னே குனிந்து இருமும் பூனைக்குச் சிலவேளை உண்மையில் இருப்பது தொய்வு நோய்.

அயலவர் கூறிய மருந்துகளைக் கேட்டு வைத்தியர் திடுக்கிட்டார். வலிந்து ஊற்றும் எண்ணெய் மூச்சுக்குழலினுட் சென்று நுரையீரலைக் கெடுக்கும். பரசிற்றமோலோ பூனைக்குக் கொடிய நஞ்சு. மனிதனின் ஈரல் அம்மருந்தைத் தீங்கற்றதாக மாற்றி வெளியேற்றும் வழி பூனையின் ஈரலில் மிகக் குறைவு. ஒரு மாத்திரையே அதன் உயிரைப் போக்கப் போதுமானது.

"சேர், இதுக்கு என்ன சாப்பாடு குடுக்கிறனீங்கள்?"

ஆசிரியர் பெருமிதத்தோடு கூறிய விடையைக் கேட்டு வைத்தியர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர், தம் ஆசிரியருக்கே பாடம் நடத்தவேண்டிய தயக்கத்தோடு விளக்கத் தொடங்கினார்.

வீட்டுப் பூனையின் முன்னோர் அண்மைக் கிழக்கின் வறண்ட நிலங்களில் வாழ்ந்த காட்டுப் பூனைகள். சைப்பிரசுத் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதனுக்கு அருகே பூனையொன்றும் புதைக்கப்பட்டிருந்ததை அகழ்வாய்வாளர் கண்டுள்ளனர். அத்துணை நெடுங்காலம் மனிதனோடு வாழ்ந்தும் பூனை தன் குடலை மாற்றிக்கொள்ளவில்லை. நாய் சோற்றுக்குப் பெரிதும் இசைந்துவிட்டது, பூனை இசையவில்லை. அதற்கு இனிப்புச் சுவையே தெரியாது. இனிப்பை உணரும் பரம்பரையலகுகளுள் ஒன்று பூனை இனத்திற் செயலிழந்திருப்பது 2005 ஆம் ஆண்டில் வெளிப்படுத்தப்பட்டது. கம்பரின் பூனை பாற்கடலை நாடியது அதன் கொழுப்பு மணத்திற்காகவே இருத்தல் வேண்டும். அவ்வாறு குடித்திருப்பினும் துன்பமே விளைந்திருக்கும். பாலிலுள்ள வெல்லத்தைச் செரிக்கும் நொதியம், தாய்ப்பால் மறந்த பூனைகள் பெரும்பாலானவற்றிற் குறைந்துவிடுகின்றது. வயிற்றுப்போக்கே அதன் பயன்.

இதனினும் முதன்மையானது தோரீன் என்னும் பொருள். 1827 ஆம் ஆண்டில் எருதின் பித்தத்திலிருந்து முதன்முதற் பிரித்தெடுக்கப்பட்டமையால், எருதைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து அதன் பெயர் பிறந்தது. மனிதனும் நாயும் தம் உடலிலேயே இதனை ஆக்கிக்கொள்வர். பூனையால் வேண்டிய அளவு ஆக்கமுடியாது. இறைச்சியிலும் மீனிலுமிருந்தே பெறவேண்டும். தோரீன் குறைந்தாற் பூனையின் விழித்திரை அழிவுறும் என்பது 1975 இலும், இதயம் தளர்ந்து விரியும் என்பது 1987 இலும் நிறுவப்பட்டன. தளர்ந்த இதயம் உரிய காலத்தில் தோரீன் கிடைப்பின் பெரும்பாலும் தேறும். அழிந்த விழித்திரை மீளாது. விற்றமின் ஏயின் நிலையும் இத்தகையதே. முருங்கையிலையிலும் பப்பாசியிலும் உள்ள மஞ்சட் பொருளை நம் உடல் விற்றமின் ஏயாக மாற்றிக்கொள்கின்றது. பூனையின் உடல் மாற்றுவதில்லை.

"இதயத்திலையும் கண்ணிலையும் இப்போதைக்குப் பிழை தெரியேல்லை. ஆனா இப்பிடியே விட்டால் வரும். இன்னொண்டு, சேர். சொதிக்குள்ளை வெங்காயம் போடுறனீங்கள்தானே?"

வெங்காயமும் உள்ளியும் பூனையின் செங்குருதிக் கலங்களைச் சிதைத்துக் குருதிச் சோகையை உண்டாக்கும். சமைப்பதால் அத்தன்மை நீங்காது. வெங்காயத் தோட்டத்தின் நடுவே பிறந்து, வெங்காயம் விற்ற பணத்திற் கல்வி கற்ற அவருக்கு அது புதுச் செய்தியாக இருந்தது. ஒன்று மட்டும் அவருக்கு விளங்கவில்லை. எட்டு ஆண்டுகள் இதே உணவை உண்ட பூனை இவ்வளவு காலமும் எவ்வாறு நலமாக இருந்தது?

அதற்குரிய விடை இரு நாட்களின் பின்னர்க் கனடாவிலிருந்து வந்தது. நலம் விசாரிக்க அழைத்த பழைய அயல்வீட்டுப் பெண்மணியிடம் ஆசிரியர் பூனையின் நோயைக் கூறினார். மறுமுனையிற் சிறிது நேரம் மௌனம் நிலவியது.

"மாஸ்ரர், உங்களுக்குத் தெரியாதெண்டுதான் நினைக்கிறன். அக்கா சொல்லித்தான் நான் ஒவ்வொரு நாளும் சூடை அவிச்சு வேலிக்கரையிலை வைச்சனான். மாதா மாதம் காசும் தந்தவ. அவ போனாப் பிறகும் நான் விடேல்லை. உங்களுக்குச் சொல்ல வேண்டாமெண்டு சொன்னவ."

அன்றிரவு ஆசிரியர் நெடுநேரம் விறாந்தையில் அமர்ந்திருந்தார். அவருக்கு 1995 ஆம் ஆண்டு ஐப்பசி மாதம் நினைவுக்கு வந்தது. அவ்வாண்டு ஒக்ரோபர் 30 ஆம் நாள் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழுந்து தென்மராட்சியை நோக்கி நடந்தபோது அவர்களது குடும்பமும் நடந்தது. அப்போதும் வீட்டில் ஒரு பூனை இருந்தது. அம்மையார் புறப்படுமுன் ஒரு பானைச் சோற்றை அடுப்படியில் வைத்து, யன்னலைத் திறந்துவிட்டு வந்தார். ஆறு மாதங்களின் பின்னர், 1996 இல், ஊர் திரும்பியபோது வீடு கூரையின்றி நின்றது, பூனை இல்லை. அதன்பின் எத்தனையோ ஆண்டுகள், காரணம் எதுவுமின்றி, "சோறு வைச்சனான்தானே" என்று அம்மையார் தம்முட் சொல்லிக்கொள்வதை ஆசிரியர் கேட்டிருக்கின்றார். தேறுதலுக்காகச் சொல்கின்றார் என்றே அவர் அப்போதெல்லாம் கருதியிருந்தார். சோறு மட்டும் போதாது என்பதை அம்மையார் அறிந்திருந்தார் என்பது இப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

அறிந்துகொண்டதனாற் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. அது தொடங்கியதே அங்குத்தான். திருக்குறள் புலால் மறுத்தலையும் கொல்லாமையையும் தனித்தனி அதிகாரங்களாக வகுத்துக் கூறுகின்றது. உண்பவன் மட்டுமன்றி, விலைகொடுத்து வாங்குபவனும் கொலைக்குப் பொறுப்பாளி என்னும் கருத்தையும் அது முன்வைக்கின்றது. ஓர் உயிரைக் காப்பதற்காகப் பல சிற்றுயிர்களை விலைக்கு வாங்குதல் எவ்வாறு அறமாகும்? மறுபுறத்தில், ஊன் உண்ணவே படைக்கப்பட்ட ஓர் உயிரைத் தம் வேலிக்குள் வைத்துக்கொண்டு, தம் விரதத்தை அதன்மேற் சுமத்தி, அதன் கண்ணையும் இதயத்தையும் சிறிது சிறிதாக அழித்தல் கொலையினின்றும் எவ்வகையில் வேறுபடும்? விரதம் என்பது ஒருவர் தாமே விரும்பி மேற்கொள்வது. பூனை எந்த விரதத்திற்கும் சங்கற்பம் செய்யவில்லை. வீட்டை விட்டு அதனைத் துரத்திவிடலாம். அது எங்கேனும் அணிலையோ பல்லியையோ பிடித்துத் தின்னும். அப்போதும் கொலை நிகழும். அவர் கண்ணிற் படாது என்பது ஒன்றே வேறுபாடு.

கடையில் விற்கும் பூனையுணவை வாங்கலாம் என்று வைத்தியர் கூறியிருந்தார். செயற்கையாக ஆக்கப்பட்ட தோரீன் அதிற் சேர்க்கப்பட்டிருக்கும். ஆயினும் அவ்வுணவும் மீனாலும் கோழியாலும் ஆனதே. பையின் பளபளப்பு அதனை மறைக்கின்றது. தவிரவும், 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் விலையேறிவிட்ட இறக்குமதிப் பண்டத்தை மட்டும் நம்பியிருக்க ஓர் ஆசிரியரின் ஓய்வூதியம் இடந்தராது. ஆகவே ஒருபாதி கடையுணவு, மறுபாதி மீன் என முடிவாயிற்று.

மறுநாட் காலை சைக்கிளிற் பெட்டி கட்டி வரும் மீன்காரர், அப்படலையில் தம்மை ஒருவர் மறித்ததைக் கண்டு திகைத்தார்.

"ஐயா, நீங்களோ?"

"ஓம் தம்பி. பூனைக்கு. சூடை ஒரு கூறு போதும்."

வளவின் மேற்கு மூலையில், வேலியோரம், மூன்று கற்களை வைத்து அடுப்பு மூட்டினார். எழுபத்தைந்து வயதில் முதன்முறையாக மீனைக் கையால் தொட்டார். வைத்தியர் எழுதிக் கொடுத்த விதிகளை, யாப்பிலக்கண நூற்பாக்களைப் போல ஒன்றும் பிசகாது பின்பற்றினார். உப்பு, தூள், வெங்காயம் எதுவும் கூடாது. பச்சையாகக் கொடுத்தலாகாது, சிலவகைப் பச்சை மீன்களிலுள்ள நொதியம் விற்றமின் பி1 ஐ அழித்துவிடும், அவித்தால் அது செயலிழக்கும். அவித்த நீரைக் கொட்டலாகாது; தோரீனிற் பெரும்பங்கு அந்நீரிற் கரைந்திருக்கும். முள் முழுவதையும் நீக்கவேண்டும். மீன் முள் பூனையின் தொண்டையிலும் சிக்கும். நாள்தோறும் கொழுப்பு மீனை மட்டுமே கொடுத்தாலும் விற்றமின் ஈ குறைந்து வேறொரு நோய் வரும். எல்லாம் முடிந்தபின் கிணற்றில் முழுகி, நீறணிந்து, அதன் பின்னரே வீட்டினுட் புகுந்தார்.

மயிருக்குரிய வைத்தியம் இதனிலும் எளியது. தெள்ளு மருந்து ஒருமுறை இடப்பட்டது. சிரட்டைப் பாலின் இடத்தை நல்ல தண்ணீர் பெற்றது. மாலைதோறும் பத்து நிமிடம் சீப்பால் வாரப்பட்டது. சீப்பில் வரும் மயிர் வயிற்றுக்குள் செல்லாத மயிர் என்பதே அதன் தத்துவம். வளவிற் புல் மேயும் பூனையை அதட்டவேண்டாம் என்றும் வைத்தியர் சொல்லியிருந்தார். புல் தின்பது நலமுள்ள பூனைகளுக்கும் இயல்பே. குப்பைமேனி வேரைக் கண்டாற் பூனை அதில் மயங்கிப் புரளும் என்பதைத் தமிழர் முன்னரே கண்டு அச்செடிக்குப் 'பூனைவணங்கி' என்றும் பெயரிட்டிருந்தனர். பூனை எதை நாடுகின்றது என்பதைச் செடியின் பெயரிற் பதித்து வைத்த சமூகம், அது எதை உண்ணவேண்டும் என்பதை மட்டும் கவனியாது விட்டது வியப்பே.

சில நாட்களில் நல்லூர்க் கந்தனுக்குக் கொடியேறியது. இருபத்தைந்து நாட்களும் யாழ்ப்பாணத்துச் சைவ வீடுகள் பலவற்றில், வழக்கமாக மீன் சமைப்போரும் அதைத் தவிர்க்கும் காலம் அது. அக்காலத்தில் ஆசிரியரின் வளவிலிருந்து மீன் வாசனை எழுந்தது. உருத்திராக்கப் பூனை என்று ஊரார் தம்மைச் சொல்வர் என்பதை அவர் எண்ணாமலில்லை. ஒன்பதாம் திருவிழாவன்று, கோயிலுக்குச் சேர்ந்து செல்லும் பழைய நண்பர் கேட்டேவிட்டார்.

"மாஸ்ரர், உங்கடை வளவுக்குள்ளை மீன் மணக்குதெண்டு சனம் கதைக்குது."

"ஓம். பூனைக்கு அவிக்கிறன்."

"கொடியேறின பிறகுமோ?"

"கொடியேறினது எனக்கு. பூனைக்கு வயிறு ஏறினாக் காணும்."

நண்பர் பின்னர் ஒன்றும் கேட்கவில்லை. இருவரும் வழமை போல வீதியைச் சுற்றிக் கும்பிட்டுத் திரும்பினர்.

ஆசிரியருக்கு ஐயம் முற்றாகத் தீர்ந்துவிடவில்லை. மீனின் கண்களைக் காணும் ஒவ்வொரு காலையும் அவர் மனம் ஒருகணம் கூசுகின்றது. அக்கூச்சம் நீங்காதிருத்தலே நன்று என்றும் அவர் கருதுகின்றார். சடைச்சியின் மயிர் மீண்டும் ஒளி பெற்றுவிட்டது. ஒன்றிரண்டு மாதத்திற்கு ஒருமுறை அது படியோரத்தில் ஒரு மயிர்க்கயிற்றைக் கக்குவதுண்டு. ஆசிரியர் அதனைக் கடதாசியில் எடுத்து, நீளத்தையும் நாளையும் பழைய பாடக்குறிப்புக் கொப்பியிற் குறித்து வைக்கின்றார். அக்கொப்பியின் முதற் பக்கத்தில், அம்மையார் மாதந்தோறும் அயல்வீட்டுக்குக் கொடுத்திருக்கக்கூடிய தொகையைத் தோராயமாகக் கணக்கிட்டு எழுதியுள்ளார். அவ்வளவு பணத்தையும் கனடாவுக்குத் திருப்பி அனுப்ப முயன்றபோது, அது தமது பணமன்று என்று அப்பெண்மணி வாங்க மறுத்துவிட்டார். அதனால் அத்தொகை இப்போது சூடைக் கணக்கில் வரவு வைக்கப்பட்டிருக்கின்றது.